தியானமும் யாக்கை நலனும்

‘தியானம் பயில்வார்க்கு நோயில்லை, நோயுற்றார்க்கும் தியானமே மருந்து’ என்னும் உரை இக்காலத்து யாண்டும் பரந்து வழங்குகின்றது. பெருநகரங்களில் மட்டுமன்று, எம்முடைய திண்டிவனத்திலும், விழுப்புரத்திலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலுங்கூடத் திருமண மண்டபங்களில் ஐந்து நாட் பயிற்சியென்றும் பத்து நாட் பயிற்சியென்றும் விளம்பரப் பலகைகள் நாட்டப்படுகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, துயிலின்மை, முட்டுவலி என நோய்ப்பெயர்களை நிரலே எழுதி, இவையனைத்தும் நீங்கும் என்று அப்பலகைகள் கூறும். முன்னாளிற் சந்தைகளில் சர்வரோக நிவாரணி விற்றார் கூவிய முறையும் இதுவே. தியானத்தைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. மடத்திற் பயின்ற இளம்பருவந்தொட்டு இற்றைநாள்வரை யாமும் வைகறையில் அமர்ந்து வருகின்றேம். அதன் பயனை உள்ளவாறு அறிந்து கோடல் வேண்டும் என்பதே ஈண்டு எம் கருத்து. இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணமொன்று உண்டு.

எம்மோடு ஒரே பள்ளியில் இருபதாண்டு தமிழ்ப்பணி புரிந்த நண்பரொருவர் ஓய்வுபெற்று விழுப்புரத்தில் வாழ்கின்றார். இரத்த அழுத்தத்துக்காக நாடோறும் மாத்திரை உட்கொண்டு வந்தவர். ஈராண்டுக்கு முன் அத்தகைய பயிற்சியொன்றிற் சேர்ந்தார். காலையும் மாலையும் அரைமணி நேரம் தவறாது அமர்ந்தார். சின்னாளில் மனந் தெளிந்தது; துயில் நன்கு வந்தது; அழுத்தமும் சிறிது இறங்கிற்று. இவையெல்லாம் மெய்யே, யாமே கண்டேம். அதன்மேல், ‘தியானங் கைவந்தார்க்கு மாத்திரை எற்றுக்கு?’ என்று யாரோ கூறக் கேட்டு, மருத்துவரை வினவாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் விடியலில் இடப்பக்கம் முழுதும் வாதத்தால் வீழ்ந்தது, நாவுங் குழறிற்று. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று உயிர் பிழைத்தார். பேச்சு மீண்டபின் யாம் காணச் சென்ற நாளில் அவர் எம்மைக் கேட்ட முதற்கேள்வி, ‘ஐயா, யான் செய்த தியானம் பொய்யோ?’ என்பதாம்.

ஆறுதல் மொழி இரண்டு கூறி எழுந்து வருதல் எளிது. அது கற்றறிந்தாரொருவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகலின், அன்று அவர்க்கு அரைகுறையாகக் கூறியதனை ஈண்டு விரித்தெழுதுகின்றேம்.

தியானம் என்பது வடசொல். இடையறாது நினைதல் என்னும் பொருட்டு. தமிழில் உன்னுதல், உள்குதல் என்பர். திருமூலநாயனார் தம் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் யோகத்தின் எட்டுறுப்புக்களை முறைப்பட வைத்துள்ளார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இவ்வைப்பு முறையை ஊன்றி நோக்குக. தியானம் ஏழாம் படியில் நிற்கின்றது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியன முதற்படியில் நிற்கின்றன. நினைவை ஓரிடத்தே நிறுத்துதல் தாரணை. அந்நினைவு எண்ணெயொழுக்குப்போல அறாது செல்லுதல் தியானம். இக்காலத்துப் பயிற்சிகளில் தியானம் என்று வழங்குவது பெரும்பான்மையும் பிராணாயாமமும் தாரணையுமேயாம். அதனாற் குற்றமில்லை, கீழ்ப்படியை மேற்படியின் பெயரால் அழைத்தல் உலக வழக்கே. கீழ்ப்படிக்குரிய பயனை மேற்படிக்கு ஏற்றியும், மேற்படிக்குரிய பயனைக் கீழ்ப்படியிலே எதிர்பார்த்தும் மயங்குதலே குற்றமாவது.

இனிச் சைவ நூல்கள் யோகத்துக்குக் கூறிய பயன் யாது? சரியைக்குச் சாலோகம், கிரியைக்குச் சாமீபம், யோகத்துக்குச் சாரூபம், ஞானத்துக்குச் சாயுச்சியம் என்று கூறின. முட்டுவலி நீங்குதல் என்று யாண்டுங் கூறிற்றில. ஆயினும் நம் முன்னோர் உடம்பை இகழ்ந்தொதுக்கினர் என்று கொள்ளற்க. திருமூலரே உடம்பினுள் இறைவன் உறைதலை உணர்ந்து அதனைப் பேணிய செய்தியைப் பாடியுள்ளார். எனவே உடல்நலம் யோகத்தின் முடிந்த பயனன்று. வழியிற் கிடைக்கும் பயன். நெல்லுக்கிறைத்த நீர் புல்லுக்கும் பொசிதல் போல்வது.

அப்பொசிவும் மெய்யானதே. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை இக்கால மருத்துவர் நன்கு ஆராய்ந்துள்ளனர். மூச்சிலிருந்து தொடங்குவேம். ஒரு நாளில் ஒருவன் விடும் மூச்சு 21,600 என்பது நம் முன்னோர் கணக்கு. ஒரு நாளின் 1,440 நிமிடத்தால் அதனை வகுப்பின், நிமிடத்துக்கு 15 ஆகும். அமைதியாயிருக்கும் வளர்ந்தார்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்பது ஆங்கில மருத்துவர் கணக்கு. இரண்டும் ஒத்து நிற்றல் காண்க. அச்சம், சினம், கவலை இவை எழுந்த பொழுது மூச்சு விரையும், சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் ஒருவகை நீரைக் குருதியிற் கலக்கும், இதயம் விரைந்து துடிக்கும், குருதிக் குழல்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். புலி எதிர்ப்பட்டபொழுது இவ்வேற்பாடு உயிர்காக்கும். ஓய்வூதியக் கடிதம் வரவில்லையே, மகளுக்கு மணமாகவில்லையே என்னுங் கவலைக்கும் உடம்பு புலிக்கு எழுந்தாற்போலவே எழுகின்றது. புலியோ பாய்ந்து போய்விடும், கவலை போவதில்லை. ஆதலின் அழுத்தம் இறங்குவதற்கு இடமின்றி நிற்கின்றது. ஒருவன் அமைந்திருந்து மூச்சை மெல்ல விடும்பொழுது, மூளையினின்று கழுத்துவழி இறங்கி இதயத்திலும் நுரையீரலிலும் இரைப்பையிலும் பரவுகின்ற வேகஸ் என்னும் நரம்பு தொழிற்படும், இதயத் துடிப்புத் தணியும், குழல்கள் தளரும். புதுவை ஜிப்மர் மருத்துவ நிலையத்து உடலியற்றுறையாரும் இத்தகைய மூச்சுப் பயிற்சிகளை ஆராய்ந்துள்ளனர்.

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் என்பார், தியானம் பயில்வாரை ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, அவர்தம் உடல் கொள்ளும் பிராணவாயுவின் அளவு குறைதலையும் மூச்சு மெலிதலையும் அளந்தறிந்தவர். 1975-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லை மூச்சோடு இயைத்துத் திரும்பத் திரும்ப உன்னுக. பிற நினைவு வரின் அதனோடு போராடாது விட்டு மீண்டும் அச்சொல்லையே பற்றுக என்று முறை வகுத்தார். அச்சொல் யாதாயினும் ஆகுக என்பதும் அவர் கருத்து. ‘ஒன்று’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். இதனைக் கேட்டு நம்மவருட் சிலர் வெகுள்வர். திருவைந்தெழுத்தும் அச்சொல்லும் ஒக்குமோ என்பர். வெகுள வேண்டுவதில்லை. உடம்பின் அளவில் அவர் கூறியது முற்றும் பொருந்தும். நாடித்துடிப்புக்கு மந்திர வேறுபாடு தெரியாது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் ஐந்தெழுத்தை விதிப்படி உன்னுமாறு அருளியது நாடித்துடிப்பைக் குறித்தன்று. பாசவறிவானும் பசுவறிவானும் காணப்படாத பதியை ஞானக்கண்ணாற் காண்டல் குறித்ததாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வாரே அம்மருத்துவரையும் மெய்கண்டாரையும் ஒருங்கே பிழைபட உணர்ந்தவராவர்.

இப்பயனுக்கு அளவும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல், தியானப் பயிற்சிபற்றிச் செம்மையாக நடத்தப்பெற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அவற்றுட் பங்குகொண்டோர் 3,515 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி இம்மூன்றும் ஓரளவு தணிதலை அவர் கண்டனர். துயில், உடல் எடை, உண்ணும் பழக்கம் இவற்றில் பயன் உண்டென்று துணிதற்குப் போதிய சான்று கண்டிலர். மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற முறைகளினும் தியானம் சிறந்தது என்றற்கும் சான்று கண்டிலர். 2017-இல் அமெரிக்க இதயக் கழகத்தார், தியானத்தை ஏற்ற மருத்துவத்தோடு துணையாகக் கொள்ளலாம் என்றனரேயன்றி, மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாம் என்றாரல்லர். எம் நண்பர் அழுத்தம் சிறிது இறங்கியதும் உண்மை. அச்சிறு இறக்கம் மாத்திரையின் வேலையைத் தான் ஏற்றுச் செய்யமாட்டாமையும் உண்மை.

அற்றேல் அஃதாக, பயிற்சி சிறிதாயினார்க்கு இது பொருந்தும், சமாதி முதிர்ந்த பெரியோர்க்கு உடம்பு ஏவல் கேட்குமன்றோ எனின், அதனையும் ஆராய்வேம். இதற்குச் சான்று தொலைவில் தேட வேண்டா; எம்மூர் இருப்புப்பாதையின்மேலே உள்ளது. பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர்பெற்ற வேங்கடராமன் என்னும் இளைஞர், 1896 ஆகஸ்டு 29-ஆம் நாள் மதுரையில் ரெயிலேறும்பொழுது வாங்கிய சீட்டுத் திண்டிவனத்துக்கு உரியது. விலை 2 ரூபாய் 13 அணா. கைப்பொருள் 3 ரூபாயாகலின், எஞ்சியது 3 அணா. திருவண்ணாமலைக்கு விழுப்புரத்தினின்று கிளைப்பாதை முன்னரே போடப்பட்டிருந்தும், அவர் பார்த்த பழைய நிலப்படத்தில் அது காணப்படவில்லை. அண்மையிலுள்ள நிலையம் திண்டிவனமே என்று கருதினார். வண்டியில் உடன்வந்த முதிய மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் இறங்கி மாறுக என்று உரைத்திலரேல், எம் திண்டிவனத்து நிலையம் ஒரு நற்பேறு பெற்றிருக்கும். அதனை நினைந்து யாம் எம் மாணவரிடத்துப் பலகாற் குறைப்பட்டதுண்டு.

அவ்வாண்டு சூலைத் திங்களில், மதுரையிற் சிறிய தந்தையார் வீட்டில், நோயொன்றுமில்லாதிருந்த அவ்விளைஞரைச் சாவச்சம் திடீரெனப் பற்றிற்று. அப்பொழுது அகவை 16. மருத்துவரையேனும் மூத்தோரையேனும் நாடாது, சவம்போல நீட்டிப் படுத்து, மூச்சடக்கி, சாவது யாது என்று உள்ளே நோக்கினார் என்றும், அன்றோடு அவ்வச்சம் ஒழிந்தது என்றும் அவர் சரிதம் கூறும். அதற்குப்பின் மீனாட்சியம்மை திருக்கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவின் முன்னின்று கண்ணீர் வார நிற்பர். சேக்கிழார் புராணத்தை முன்னமே படித்துருகியவர் அவர். அவர்தங் கொள்கை அத்துவிதம் என்பர். சித்தாந்தத்தோடு அஃது ஒவ்வும் இடமும் ஒவ்வா இடமும் ஆராய்தல் ஈண்டைக்கு வேண்டா. எமக்கு வேண்டுவது, உள்ளம் அத்துணை அமைந்த ஒருவர்தம் உடம்பு பின்னர் யாதாயிற்று என்பதே.

ஆகஸ்டு 30-ஆம் நாள் ஞாயிறு பின்னிரவு 3 மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினார். விடிந்தபின் ஊருள் அலைந்து, உணவுச்சாலை ஒன்றை அடைந்தார். நண்பகல்வரை உணவு அமையாது என்றனர். அங்கேயே அமர்ந்து நினைவொடுங்கியிருந்தார். உண்டபின் இரண்டணா நீட்ட, கையில் எஞ்சியது இவ்வளவே என்று அறிந்த கடைக்காரர் அதனை வாங்க மறுத்தார். அக்கடை இன்று யாண்டுள்ளது எனக் காட்டுவாரில்லை. அவ்வூரார்க்குப் பெருமை தருவது அந்த இரண்டணாவே என்பது எம் துணிபு. அப்பணத்தால் மாம்பழப்பட்டுவரை வண்டியிற் சென்று, அங்கிருந்து 10 மைல் நடந்து, மாலையில் அறையணிநல்லூரை அடைந்தார். இக்காலத்தார் அரகண்டநல்லூர் என வழங்கும் அது, பெண்ணையாற்றின் வடகரையிற் பாறைமேல் அமைந்த பாடல்பெற்ற தலம். திருஞானசம்பந்தர் அங்கு நின்று அண்ணாமலையைக் கண்டு பாடினார் எனச் சேக்கிழார் கூறுவர்.

அக்கோயில் மண்டபத்தில் அமர்ந்து தியானித்திருந்த பொழுது, எங்கும் பரந்த பேரொளியொன்று தோன்றிற்று. கருவறையினின்று வந்ததோ என்று எழுந்து சென்று நோக்கினார், அங்கு ஒன்றும் இல்லை, ஒளியும் மறைந்தது. கோயில் பூட்டும் நேரமாயிற்று. உணவு கேட்டார், இல்லை என்றனர். முக்கால் மைலளவில் உள்ள கீழூர் வீரட்டானத்துக்கு வருக, ஆண்டு கிடைப்பினுங் கிடைக்கும் என்றனர். மெய்ப்பொருணாயனாருக்குரிய அத்தலத்தை அடைந்து மீண்டும் நினைவொடுங்கினார். பூசை முடிந்தபின், மேளம் வாசிப்பவர் தமக்குரிய சோற்றை இவர்க்கு ஈந்தார். தண்ணீருக்காக அடுத்த வீட்டின்முன் நின்றவர், அங்கேயே உணர்விழந்து வீழ்ந்தார். விழித்தபொழுது சிறு கூட்டம் சூழ்ந்திருந்தது. சோறு மண்ணிற் சிதறிக் கிடந்தது. அதனைத் திரட்டி உண்டு அவ்விரவைக் கழித்தார். மறுநாள் அவ்வூர்ப் பாகவதர் ஒருவர் வீட்டில் உணவுபெற்று, காதணியை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். இவற்றை நரசிம்ம சுவாமி என்பார் 1931-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சரிதத்திற் காணலாம்.

இச்செய்தியில் ஒளியைக் கண்டதனை எல்லாரும் போற்றிக் கூறுவர். பசியால் வீழ்ந்ததனை விரைந்து கடந்து செல்வர். எமக்கோ இரண்டும் ஒரே மாலையில், ஒரே உடம்பில் நிகழ்ந்தமையே பெரிதாகத் தோன்றுகின்றது. பேரொளி கண்ட கண்ணும் பசியால் இருண்டது. தியானம் பசியை நிறுத்திற்றில்லை. பசி தியானத்தைப் பொய்யாக்கிற்றும் இல்லை.

திருவண்ணாமலையில் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படை. ஆயிரக்கால் மண்டபத்தடியில் உள்ள பாதாளலிங்கக் குகையில் நினைவிழந்திருந்தபோது, எறும்பும் புழுவும் தொடையை அரித்துப் புண்ணாக்கின. பிறர் கண்டு தூக்கி வெளிக்கொணர்ந்தனர். உணவையும் பிறரே வாயில் ஊட்டினர். ஊட்டுவார் இலரேல் அவ்வுடம்பு நின்றிராது. பின்னர் ஆசிரமம் அமைந்து, முறையாக உண்டும், மலைமேல் நாடோறும் உலாவியும், அடுக்களையிற் காய் நறுக்கியும் வாழ்ந்த காலத்தும் முட்டுவாதம் அவரை விட்டதில்லை. பின்னர் இடக்கை முழங்கையருகே கட்டி தோன்றிற்று. புற்றின் வகை என்று மருத்துவர் துணிந்தனர். 1949-இல் நான்குமுறை அறுத்தனர். மீண்டும் மீண்டும் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு உடம்பு நீங்கிற்று. ஐம்பத்து மூன்றாண்டு இடையறாத நிட்டை புற்றினைத் தடுத்திலது.

இதனைப் படித்தவுடன், ‘ஆயின் தியானத்தாற் பயனென்னை?’ என்று எம் நண்பர்போற் கேட்டல் இயல்பு. விடை விழுப்புரத்துக்குத் தென்மேற்கே அண்மையிலுள்ள திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வருகின்றது. அவ்வூரில் எழுந்தருளியிருந்த மெய்கண்டதேவர், சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்றும், அவற்றோடு கூடி நிற்றல் அரசன் அமைச்சரோடு கூடி நிற்றல் போலும் என்றும் உணர்த்தினார். அமைச்சர் செய்தி கொணர்வர், அரசன் அறிவன். அரசன் தன்னை மறந்து, ஓடிவந்த தூதனின் நடுக்கத்தைத் தன் நடுக்கமாகக் கொண்டால் நாடு கெடும். வலி என்பது ஒரு செய்தி. ‘வலிக்கின்றது’ என்பதனோடு, ‘நாளை யாதாகுமோ, யான் யாது பாவஞ் செய்தேனோ, என் மனைவி தனித்து என் செய்வாளோ’ என்று மனம் தானே கூட்டிக்கொள்வன பலவுண்டு. எண்ணிப் பார்ப்பின், நாம் துன்பம் என்று கூறுவதிற் பெரும்பங்கு இக்கூட்டுக்களே. தியானம் செய்தியை நிறுத்துவதில்லை, கூட்டுக்களை உதிர்க்கின்றது. முற்கூறிய 47 ஆய்வுகளில் பதற்றமும் மனச்சோர்வும் வலியும் தணிந்தமையும், துயில் எடை முதலியவற்றில் துணிபான பயன் காணப்படாமையும் இவ்வேறுபாட்டோடு ஒத்து நிற்றலைக் காண்க. மகரிஷியின் இறுதி நாட்களில் உடனிருந்தார் வியந்ததும் நோய் தீராமையை அன்று. அந்நோயிடையே அவர் பிறரை நோக்கிய நோக்கு மாறாமையையே.

இனிப் பிராரத்தவினை அதனை ஏற்ற உடம்பளவில் நின்று கழியும் என்பது நம் நூற்றுணிபு. சஞ்சிதம் குருவருளால் வேவும். ஆகாமியம் ஞானிக்கு ஏறாது. பிராரத்தமோ எய்த அம்புபோலச் சென்றே ஓயும். அவ்வாறாயின் மருந்துண்டல் வீண் அன்றோ எனின், அன்று. நோயை ஊட்டும் அவ்வினையே மருத்துவனையும் மருந்தையும் கொணர்ந்து நிறுத்துகின்றது. வெயில் வினையென்றால் நிழலும் வினையே. நிழலில் ஒதுங்காது வெயிலில் நிற்பவன் வினையை வென்றவனாகான். அத்துணைப் பெரியாரே மருத்துவர் அறுக்கக் கையை நீட்டியிருந்தார். நான்கு முறையும் மறுத்திலர். ‘எனக்குத் தியானம் உண்டு’ என்று அவர் கத்தியை விலக்கவில்லை. அரைமணி நேரம் அமரும் நாம் மாத்திரையை விலக்குதல் எங்ஙனம்?

அப்பர் பெருமானுக்குச் சூலை நீங்கிற்றே என்று அன்பர் சிலர் வினவுவர். திருவதிகையும் இப்பக்கத்ததே ஆகலின் அவ்வினா எம்மிடம் அடிக்கடி வரும். சூலையைக் கொடுத்து ஆட்கொண்டவனும் நீக்கியவனும் இறைவனே. அதுவும் அமணர் மருத்துவம் பயன்படாதுபோகத் தமக்கையார் திருவடியை நாடிச்சென்றபின். அது திருவருட் செயல். அதனைப் பயிற்சிப் பயனாக்கி விலைகூறுதல் அப்பருக்கும் ஏலாது, அறிவுக்கும் ஏலாது.

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். தியானத்தால் எல்லார்க்கும் எப்பொழுதும் அமைதியே விளையும் என்பதும் முழுவுண்மை அன்று. நெடுநேரம் தனித்திருந்து பயிலுங்கால் சிலர்க்குத் துயில் கெடுகின்றது, அடங்கிக் கிடந்த பழைய துயரங்கள் எழுகின்றன, பதற்றம் மிகுகின்றது. இதனை இக்கால ஆய்வாளரும் குறித்துள்ளனர். மடத்தில் எம் ஆசிரியர் புதிதாகச் சமயதீக்கை பெற்றாரை 108 உருவுக்குமேல் எண்ணவிடார். ‘எத்தனை எண்ணினாய்?’ என்று கேளார். ‘உண்டாயா, உறங்கினாயா, யாரிடத்தேனும் சினந்தாயா?’ என்று கேட்பார். அக்காலத்து அதன் கருத்து எமக்கு விளங்கிற்றில்லை. ஆசிரியர் மடைப்பள்ளிக் கணக்குக் கேட்கின்றார் என்று நகைப்பேம். உடம்பும் ஒழுக்கமும் நேர்படாத இடத்துத் தியானத்தை மிகுத்தல் தீங்கு என்பதனையே அவர் அவ்வாறு நோக்கினர் என இப்பொழுது உணர்கின்றேம். மனநோய்க்கு மருந்துண்பார் மருத்துவரைக் கேளாது நெடும்பயிற்சியிற் புகுதல் தகாது.

ஆகவே நண்பர் வினாவுக்கு யாம் கூறிய விடை இது. தாங்கள் செய்தது பொய்யன்று. துயில் வந்ததும், மனந் தெளிந்ததும், சினங் குறைந்ததாகத் தங்கள் மனைவியார் கூறியதும் மெய்ப்பயனே. பொய்யானது, அப்பயனை மாத்திரைக்கு ஈடாக்கிக் கூறிய சொல். அச்சொல்லை நம்பியதற்குத் தாங்கள் நாணுதல் வேண்டா. கூறினார் நாணுதல் வேண்டும். இதனைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கீழூரில் வீழ்ந்த பிள்ளையின் செய்தியை மறுபடி கூறுக என்றார். கூறினேம். ‘சோற்றைத் திரட்டி உண்டாரா?’ என்று இருமுறை கேட்டார்.

அவரால் இப்பொழுது சம்மணமிட்டு அமர இயலாது. அதுபற்றி வருந்தினார். ஆதனம் என்பது அசையாதும் வருத்தமின்றியும் இருத்தலே. கால் மடக்குதல் அதன் இலக்கணம் அன்று. சாய்வு நாற்காலியும் ஆகும், கட்டிலும் ஆகும் என்றேம். காலையில் மாத்திரை உட்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, வலக்கையால் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றி ஐந்தெழுத்தை எண்ணி வருகின்றார். சென்ற திங்களில் இடக்கைச் சுட்டுவிரல் சிறிது அசையத் தொடங்கிற்று. யாம் மகிழ்ந்து, ஐந்தெழுத்தின் ஆற்றல் என்று கூற வாயெடுத்தேம். அவர் எம்மைக் கையமர்த்தி, நாடோறும் வீட்டுக்கு வந்து கையை நீட்டி மடக்குவிக்கும் பிசியோதெரபி இளைஞரின் உழைப்பு அது என்றார்.